நோட்டுப் புத்தகத்தில் 240 நாள்

போடிநாயக்கனூரில் இருந்து மலைக்குப் போகும் ஜீப்புகள் விடிவதற்கு முன்பே கிளம்பி விடும். மடியில் சாப்பாட்டுத் தூக்கு, தலையில் கட்டிய துண்டு, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடி பெண்கள். போடிமெட்டு செக்போஸ்டைத் தாண்டினால் கேரளம். ஏலத் தோட்டத்தில் காய் எடுத்து, களை வெட்டி, சருகு நீக்கி, மாலையில் அதே ஜீப்பில் ஊர் திரும்புவார்கள். கம்பம் பக்கத்துக்காரர்கள் கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் போவார்கள். இது இன்று நேற்று நடப்பது அல்ல.

எங்கள் தெருவில் உள்ள ஒரு அக்கா இப்படி 11 வருஷம் ஒரே எஸ்டேட்டுக்குப் போய் வந்தார். 2023ஆம் ஆண்டு கடைசியில் அந்த எஸ்டேட் கை மாறியது. புதிய முதலாளி தம்முடைய ஆட்களைக் கொண்டு வந்து விட்டார். "நாளையில இருந்து நம்ம ஜீப்பு அங்க போகாது" என்று டிரைவர் சொன்னதுதான் அக்காவுக்குக் கிடைத்த ஒரே நோட்டீஸ்.

நான் பாலக்காட்டில் ரெயில்வே குமாஸ்தா. 2010 கடைசியில் நின்று போன போடி ரெயில், அகலப் பாதையாகி 2023 ஜூன் மாதம் மறுபடியும் ஓடத் தொடங்கியதால், லீவு கிடைத்தால் ஊருக்குப் போவது எனக்கு இப்போது சுலபம். அப்படிப் போயிருந்தபோது அக்கா வீட்டுக்கு வந்தார்.

"ஏன் தம்பி, நீ கவர்மெண்டு உத்தியோகத்துல இருக்க. பதினோரு வருஷம் ஒழச்சதுக்கு எனக்கு ஏதாச்சும் வருமா, வராதா?"

மனு எழுதத் தெரிந்தவன் என்று ஊரில் ஒரு பெயர் எனக்கு. வக்கீல் அல்ல, மெட்ரிக் படித்தவன்தான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் நான் தெரிந்து கொண்டது, எல்லைப் பக்கத்தில் வேலை செய்யும் நம்மவர் எல்லாருக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு பணம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்ள வேண்டும். வேலையை விட்டு அனுப்பினால் தொழிலாளிக்கு வர வேண்டிய பணம் இரண்டு வகை. ஒன்று ஆட்குறைப்பு நஷ்ட ஈடு. மற்றொன்று கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடை. இரண்டும் வேறு வேறு. ஒன்றைக் கொடுத்து விட்டு மற்றதற்குச் சமம் என்று சொல்ல முடியாது.

கிராஜுவிட்டிக்கு 5 வருஷத் தொடர்ச்சியான வேலை வேண்டும். இது பலருக்குத் தெரியும். அதனாலேயே, "எனக்கு மூணு வருஷம்தானே ஆச்சு, ஒண்ணும் கிடையாது" என்று பேசாமல் போய் விடுகிறார்கள். அங்கேதான் தவறு. ஆட்குறைப்பு நஷ்ட ஈட்டுக்கு 5 வருஷம் வேண்டியதில்லை. ஒரே ஒரு வருஷத் தொடர்ச்சியான வேலை போதும். ஒரு வருஷத்துக்கு 15 நாள் சராசரி சம்பளம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சத்தை ஒரு வருஷமாகச் சேர்த்துக் கொள்ள வேண்டும். ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு மாதச் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும்.

"அம்பது பேருக்கு மேல இருந்தாத்தான் சட்டம்" என்று கங்காணிகளும் மானேஜர்களும் சொல்வதுண்டு. 50 பேர் என்ற கணக்கு, தற்காலிகமாக வேலை கொடுக்காமல் நிறுத்தி வைக்கும் லே-ஆப் பணத்துக்கு உரியது. ஆட்குறைப்பு நஷ்ட ஈட்டுக்கு அந்த எண்ணிக்கை இல்லை.

இந்த நஷ்ட ஈடு 1953ஆம் ஆண்டு அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்தது. கிராஜுவிட்டியைப் பொறுத்தவரை கேரளத்துக்கு ஒரு பெருமை உண்டு. மத்திய அரசு 1972ல் சட்டம் கொண்டு வரும் முன்பே, 1970ல் தனக்கென்று ஒரு கிராஜுவிட்டிச் சட்டம் போட்ட மாநிலம் இது.

2025 நவம்பர் 21ந் தேதி முதல் பழைய சட்டங்கள் போய், நான்கு புதிய தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்திருக்கின்றன. ஆனாலும் மேலே சொன்ன கணக்குகள் அப்படியே இருக்கின்றன. மாறியதைப் பிறகு சொல்கிறேன்.

எது ஒரு வருஷம்?

சட்டத்தில் ஒரு வருஷம் என்பது காலண்டர் வருஷம் அல்ல. வேலை நிறுத்தப்பட்ட நாளில் இருந்து பின்னோக்கி 12 மாதத்தை எண்ண வேண்டும். அந்த 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால், அது ஒரு வருஷத் தொடர்ச்சியான வேலை. சுரங்கத்தில் பூமிக்கு அடியில் வேலை செய்பவர்களுக்கு 190 நாள். கிராஜுவிட்டியில், வாரத்தில் 6 நாளுக்குக் குறைவாக நடக்கும் நிறுவனங்களுக்கும் 190 நாள்தான்.

240 நாளில் எவை சேரும்? வேலை செய்த நாள் சேரும். சம்பளத்துடன் கூடிய லீவு சேரும். லே-ஆப் நாள் சேரும். வேலை செய்யும்போது அடிபட்டுப் படுத்த நாள் சேரும். பிரசவ லீவு 26 வாரம் வரை சேரும்.

ஞாயிற்றுக்கிழமை? இதில்தான் தோட்டத்துப் பெண்ணுக்கும் கடைக் குமாஸ்தாவுக்கும் வித்தியாசம். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பேங்க் ஊழியர் வழக்கில் 1985ல் சுப்ரீம் கோர்ட்டு, சம்பளம் கொடுக்கப்படும் ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் வேலை செய்த நாளாகவே எண்ணப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே மாதச் சம்பளக்காரருக்கு எட்டு மாதத்திலேயே 240 நிறைந்து விடும். பாலக்காடு மார்க்கெட்டில் மண்டிக் கணக்கு எழுதும் தம்பிமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஞாயிறு கூலி இல்லாத தினக்கூலிக்கு அந்த நாள் சேராது. அவர் 240 நாளும் உடம்பால் நின்று காட்ட வேண்டும்.

அக்காவின் நோட்டு

அக்கா கொண்டு வந்த பையில் மூன்று பொருள்கள் இருந்தன. மகளின் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்று, பி.எப். நம்பர் எழுதிய சீட்டு ஒன்று, ஆஸ்பத்திரி சீட்டு ஒன்று.

நோட்டில் கடைசி மூன்று வருஷத்துக்கு, நாளுக்கு ஒரு கோடு. ஜீப் டிரைவர் வாரக் கணக்கில் ஏமாற்றுகிறார் என்று சந்தேகப்பட்டு மகள் போட்டு வைத்த கோடுகள். முதலாளியை நினைத்து எழுதியது அல்ல. உட்கார்ந்து எண்ணினோம். ஒரு வருஷம் 251. அடுத்தது 246. கடைசி வருஷம் 228.

எனக்கு வயிறு கலங்கி விட்டது. கடைசி 12 மாதம்தான் முக்கியம். அதில் 12 நாள் குறைகிறது.

"அந்த வருஷம் சரிவுல வழுக்கி விழுந்து கால் வீங்கிப் படுத்திருந்தேனே தம்பி" என்றார் அக்கா. ஆஸ்பத்திரி சீட்டை அப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். தோட்டத்தில் விழுந்தது என்று டாக்டர் எழுதி, 19 நாள் ஓய்வு என்று போட்டிருந்தார். 228ம் 19ம் 247. மருந்துச் சீட்டு என்று குப்பையில் போட்டிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

எஸ்டேட் கை மாறினால்

"பழைய முதலாளி வித்துட்டுப் போயிட்டாரு. புது முதலாளிகிட்ட நான் வேலையே பாக்கல. யாரைப் போய்க் கேக்குறது?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் ஒரு ரெயில்வே கம்பெனியின் கதையில் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி சுவாரசியம்.

பம்பாய் மாகாணத்தில் பார்சி லைட் ரெயில்வே என்று ஒரு சின்னப் பாதைக் கம்பெனி இருந்தது. 1954 ஜனவரி 1ந் தேதி அதை மத்திய அரசு எடுத்துக் கொண்டது. கம்பெனி தொழிலாளர்கள், எங்கள் வேலை முடிந்து விட்டதால் நஷ்ட ஈடு வேண்டும் என்று கேட்டார்கள். பம்பாய் ஐக்கோர்ட்டு அவர்கள் பக்கம் நின்றது. 1956 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு வேறு விதமாகச் சொன்னது. நடந்து கொண்டிருக்கும் தொழிலில் ஆள் அதிகம் என்று நீக்கினால்தான் ஆட்குறைப்பு. தொழிலே மூடப்பட்டாலோ கை மாறினாலோ அது ஆட்குறைப்பு ஆகாது என்றது. இதனால் நாடு முழுவதும் தொழிலாளர்களுக்கு ஆபத்து வந்தது. 1957ல் சட்டத்தைத் திருத்தி, கை மாறினாலும் மூடினாலும், ஒரு வருஷம் வேலை செய்தவருக்கு ஆட்குறைப்புக்கு உரிய நஷ்ட ஈடு உண்டு என்று எழுதினார்கள். புதிய முதலாளி, பழைய சர்வீசையும் சேர்த்து, சலுகை குறையாமல் வேலைக்கு வைத்துக் கொண்டால் மட்டும் விதிவிலக்கு. புதிய தொகுப்புச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு இருக்கிறது.

ஆகவே அக்காவின் மனு பழைய முதலாளி மேல் போயிற்று.

இங்கே பீர்மேட்டையும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை சரிந்தபோது பீர்மேடு தாலுகாவில் பல எஸ்டேட்டுகளை முதலாளிகள் பூட்டி விட்டும், சொல்லாமல் விட்டு விட்டும் போனார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து எடுத்த தமிழ்க் குடும்பங்கள் ஒழுகும் லயங்களில் தங்கி, வர வேண்டிய பணத்துக்காக வருஷக் கணக்கில் காத்துக் கிடந்தன. நஷ்டத்தால் மூடினோம் என்று சொல்லி இந்தப் பணத்தைக் குறைக்க முடியாது. தவிர்க்க முடியாத காரணத்தால் மூடினால் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் தர வேண்டாம் என்று ஒரு சலுகை சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் பணக் கஷ்டமும், சரக்குத் தேங்கிப் போனதும் தவிர்க்க முடியாத காரணம் ஆகாது என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறது. மூடிய தோட்டங்களின் பாக்கி பற்றி ஒரு சர்வதேசத் தொழிற்சங்கம் 2006ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2010ல் உத்தரவு வந்தும் வேலை நடக்காமல், பாக்கியைக் கணக்கிட 2020ல் ஓய்வு பெற்ற நீதிபதி அபய் மனோகர் சாப்ரே தலைமையில் கமிட்டி போட வேண்டி வந்தது. உரிமை இருப்பதற்கும் பணம் கைக்கு வருவதற்கும் நடுவே இத்தனை தூரம்.

யார் நிரூபிப்பது?

சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது. 240 நாள் வேலை செய்ததை யார் நிரூபிக்க வேண்டும்? தொழிலாளிதான்.

கர்நாடக வனத்துறையில் தினக்கூலியாக இருந்த ஒருவரின் வழக்கில் 2002ல் சுப்ரீம் கோர்ட்டு, "240 நாள் வேலை செய்தேன்" என்று தொழிலாளி தாமே எழுதிக் கொடுக்கும் பிரமாணம் மட்டும் சாட்சி ஆகாது. சம்பள ரசீது போன்ற ஏதாவது வேண்டும் என்றது. மஸ்டர் ரோலும் சம்பளப் புத்தகமும் முதலாளியின் பீரோவில் இருக்கின்றன. கூலிக்காரரிடம் என்ன இருக்கும்?

கொஞ்சம் ஆறுதலாக 2005ல் இன்னொரு தினக்கூலித் தொழிலாளி வழக்கில் அதே கோர்ட்டு பேசியது. தினக்கூலிக்கு நியமன உத்தரவோ ரசீதோ இருக்காது என்பதை ஒப்புக் கொண்டது. தொழிலாளி சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லி, கையில் உள்ளதைக் காட்டி, முதலாளியின் புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்க வேண்டும். முதலாளி அவற்றை மறைத்தால், அந்தந்த வழக்கின் நிலைமையைப் பார்த்து அவருக்கு எதிராக முடிவு செய்யலாம். ஆகவே கேட்பது முக்கியம். கேட்காமல் விட்டவருக்கு இந்தத் தீர்ப்பு உதவாது.

இங்கிலாந்தில் ஆட்குறைப்புப் பணத்துக்கு 2 வருஷச் சர்வீஸ் வேண்டும். 1965ல் வந்த சட்டத்தில் இருந்தே அப்படித்தான். நம் ஒரு வருஷத்தைவிட அது கடினம் என்று தோன்றும். ஆனால் அங்கே ஒருவர் வேலை தொடர்ச்சியானது என்றே சட்டம் முதலில் எடுத்துக் கொள்கிறது. இல்லை என்றால் அதைக் காட்ட வேண்டியது முதலாளி. நம் ஊரிலும் அந்த ஒரு வரி இருந்தால் எத்தனை அக்காமார்கள் பிழைத்திருப்பார்கள்!

பேசி முடித்தது

தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் முதல் தடவை எஸ்டேட் தரப்பில் யாரும் வரவில்லை. இரண்டாம் தடவை ஒரு கணக்கப்பிள்ளை வந்து, இந்தப் பெயரில் ஆளே இல்லை என்றார். பார்த்தால், மலையாளத்தில் எழுதிய புத்தகத்தில் அக்காவின் பெயருக்கு முன்னால் இன்ஷியல் வேறு. ஆதாரில் கணவர் பெயரின் எழுத்து, புத்தகத்தில் அப்பா பெயரின் எழுத்து. பி.எப். நம்பர்தான் இரண்டும் ஒரே ஆள் என்று காட்டிக் கொடுத்தது.

ஆனால் அந்த பி.எப்.பே வினையாகவும் முடிந்தது. எஸ்டேட்டில் அக்காவுக்கு பி.எப். பிடிக்கத் தொடங்கியது ஐந்தாம் வருஷத்தில் இருந்துதான். "ஏழு வருஷத்துக்குத்தான் ரெக்கார்டு இருக்கு, முன்னால உள்ள புஸ்தகம் எல்லாம் மழையில போச்சு" என்றார் கணக்கப்பிள்ளை. முதல் நாலு வருஷத்துக்கு அக்காவிடம் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் சாட்சி சொல்ல வந்தால், அவர்களுக்கும் அதே எஸ்டேட் பாக்கி.

அக்காவின் கூலி நாளுக்கு 450 ரூபாய். 15 நாளுக்கு 6,750. ஏழு வருஷத்துக்கு 47,250. கிராஜுவிட்டி ஒன்று, நஷ்ட ஈடு ஒன்று என்று இரு மடங்கு, 94,500. நோட்டீஸ் மாதத்துக்கு 26 நாள் கூலி 11,700. மொத்தம் 1,06,200 ரூபாய். 2024ல் பேசி முடித்துக் கையெழுத்துப் போட்டார். 11 வருஷத்துக்கும் ஆதாரம் இருந்திருந்தால் 1,60,200 வந்திருக்க வேண்டும். எழுதி வைக்காத நாலு வருஷத்தின் விலை 54,000 ரூபாய். தீர்ப்பாயத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். "மகளுக்குக் காலேஜு பணம் கட்டணும் தம்பி" என்று அக்கா முடித்து விட்டார். எனக்கு இன்றும் அதில் சம்மதம் இல்லை. ஆனால் பணம் அவருடையது.

கஞ்சிக்கோடு

பாலக்காட்டுப் பக்கம் வேறு விதமான தொல்லை. கஞ்சிக்கோடு பாக்டரிகளுக்கு வாளையாறு தாண்டி வரும் நம் இளைஞர்களில் பலர் காண்டிராக்ட் ஆட்கள். மெஷின் அதே மெஷின், ஷிப்ட் அதே ஷிப்ட். காண்டிராக்டர் பெயர் மட்டும் மாறிக் கொண்டே இருக்கும். டிக்கெட் எடுக்க வந்த ஒரு பையன், ஐந்து வருஷத்தில் மூன்று பேர் கொடுத்த மூன்று அடையாள அட்டைகளைக் காட்டினான். இங்கே நாள் கணக்குக்கு முன்பே, முதலாளி யார் என்பதே வழக்காகி விடும். பழைய அட்டையைத் திருப்பிக் கேட்டால் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் போட்டோ எடுத்துக் கொள்ள வேண்டும். பாக்டரியின் பெயர் அச்சடித்த கேட் பாஸ், கேண்டீன் டோக்கன் எதுவானாலும் சரி.

இன்னொன்று, கணக்குத் தீர்க்கிறோம் என்று வாங்கும் கையெழுத்து. எழுதாத தாளில், அல்லது படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில், கையெழுத்துப் போட்டால் பிறகு அது ராஜினாமாக் கடிதமாக எழுந்து நிற்கும். தானாக வேலையை விட்டவருக்கு ஆட்குறைப்பு நஷ்ட ஈடு கிடையாது. 5 வருஷம் ஆகியிருந்தால் கிராஜுவிட்டி மட்டும் உண்டு. வேலைக்கு வராமல் நின்றார் என்று முதலாளி பெயரை அடித்தால் அது வேறு. எங்கள் தென்னக ரெயில்வே சம்பந்தப்பட்ட ராபர்ட் டிசோசா வழக்கில் 1982ல் சுப்ரீம் கோர்ட்டு, ஆப்சென்ட் என்று ரோலில் இருந்து பெயரை நீக்குவதும் ஆட்குறைப்புதான் என்று சொல்லி விட்டது.

கிராஜுவிட்டியில் 5 வருஷத்துக்குச் சில மாதம் குறைகிறவர்களும் உடனே கைவிட வேண்டாம். நாலு வருஷம் முடிந்து ஐந்தாம் வருஷத்தில் 240 நாள் ஆகியிருந்தால் போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை ஐக்கோர்ட்டு கூறியிருக்கிறது. கேரளத்தில் முதலாளிகள் தகராறு செய்யலாம். ஆனாலும் கேட்டுப் பார்க்க வேண்டிய பாயிண்டு. தொழிலாளி இறந்து போனாலோ, உடல் ஊனமாகி வேலை செய்ய முடியாமல் போனாலோ 5 வருஷம் என்ற நிபந்தனையே இல்லை.

புதிய சட்டத்தில்

புதிய தொகுப்புச் சட்டங்களில் மாறியவை சில. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டு நேரடியாக வேலைக்கு வைக்கப்பட்டவருக்கு 5 வருஷம் வேண்டாம். ஒரு வருஷம் ஆனாலே கணக்குப்படி கிராஜுவிட்டி. ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு நஷ்ட ஈடு போக, மறுபயிற்சி நிதி என்று கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் பணம் 45 நாளுக்குள் அவர் கணக்கில் சேர வேண்டும். எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் தர வேண்டும் என்றும் இருக்கிறது. ஏலத் தோட்டத்து ஜீப் வரைக்கும் அந்தக் கடிதம் எப்போது வந்து சேரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

குறைந்ததும் உண்டு. அரசு அனுமதி வாங்கித்தான் ஆட்குறைப்பு செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு முன்பு 100 தொழிலாளர் உள்ள பாக்டரி, தோட்டங்களுக்கு இருந்தது. இப்போது 300 ஆகி விட்டது. வேலை போனவர் தாமே தீர்ப்பாயத்துக்குப் போக முன்பு 3 வருஷம் கெடு. இப்போது 2 வருஷம்தான். "பாக்கலாம், பாக்கலாம்" என்று முதலாளி இழுத்தடிப்பது எதற்காக என்று புரிந்திருக்கும்.

மனு எந்த மொழியில் எழுதுவது என்று பலர் கேட்கிறார்கள். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சி மொழிச் சட்டத்தின்படி, சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு ஆபீசுகளுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். அக்காவின் மனுவைத் தமிழில்தான் எழுதினேன். வாங்கிக் கொண்டார்கள். பதில் மலையாளத்தில் வந்தது. நான் படித்துச் சொன்னேன்.